டெல்டாவில் கேரவன் கூடல்: எங்கே தங்குவது, கடற்கரைக்கு எப்படிப் போய் வருவது

கேள்வி இது: கோவையிலிருந்து 12 கேரவன் வண்டிகள், 35 பேர். தை மாதத்தில் நான்கு ராத்திரி காவிரி டெல்டாவில் கூடுகிறார்கள். பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை எல்லாம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கடற்கரையில் வண்டிகளை நிறுத்தித் தங்கிக்கொண்டே போகலாமா?

அப்படிப் போகாதீர்கள். வண்டிகள் ஒரே இடத்தில் நிற்கட்டும், ஆட்கள் மட்டும் பகலில் கடற்கரைக்குப் போய் வரட்டும். டெல்டாவில் கேரவனோடு சுற்றுவதற்கு இதுதான் சரியான வழி. இங்கே கடலை ஒட்டி இருப்பவை மீனவக் குடியிருப்புகளும் சவுக்குத் தோப்புகளும் உப்பளங்களும்தான். 12 வண்டிகளுக்குச் சேர்ந்தாற்போல கெட்டித் தரையும் நல்ல தண்ணீரும் கழிவறையும் கடலோரத்தில் கிடைக்காது. அது போக, ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. கரையில் வெளிச்சம் இருந்தால் தாய் ஆமை ஏறாமல் திரும்பிவிடும். குஞ்சுகளோ வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் பதில் ஊர்ப்பக்கம் ஊர்ந்து வந்து சாகும். 12 வண்டியின் விளக்குகளை ராத்திரி முழுக்க அங்கே எரிய விடுவது பெரிய பாவம்.

தங்குவதற்குத் திருவாரூர் சுற்றுப்புறம்தான் நடுமையம். நாகப்பட்டினம் 25 கி.மீ., மயிலாடுதுறை 40 கி.மீ., கோடியக்கரை 70 கி.மீ.க்கு மேல். பூம்புகாரும் தரங்கம்பாடியும் மட்டும் போதுமென்றால் மயிலாடுதுறை வசதி. வேளாங்கண்ணியில் விடுதிகள் ஏராளம்தான், ஆனால் கூட்டமும் கடைவீதியும் நெருக்கும். 12 வண்டிகள் சுற்றி நின்று நடுவே நாற்காலி போட்டுப் பேசுகிற கூடலுக்கு அது ஒத்துவராது.

திருவாரூர்ப் பக்கம் நீங்கள் தேட வேண்டியது ஊருக்கு வெளியே, பெரிய சாலையை ஒட்டி, முன்னால் செம்மண்ணோ ஜல்லியோ கொட்டிய மைதானம் உள்ள ஒரு கல்யாண மண்டபம். போர்வெல், மேல்நிலைத் தொட்டி, ஆண் பெண் கழிவறைகள், சமையல்கட்டு, ஜெனரேட்டர், மழை வந்தால் ஒதுங்கக் கூரை, ராத்திரி பூட்ட கேட், காவலாள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். வெளிநாடுகளில் கேம்பிங் மைதானம் தருகிற எல்லாவற்றையும் இங்கே மண்டபம் தந்துவிடுகிறது.

ஒரே சிக்கல் முகூர்த்தம். மார்கழி முழுக்கக் காலியாகக் கிடந்த மண்டபம் தை பிறந்ததும் நிரம்பிவிடும். அதனால் ஊர் சுற்றும் திட்டத்தைப் போடுவதற்கு முன்பே பஞ்சாங்கத்தைப் பிரியுங்கள். தேய்பிறையில் முகூர்த்தம் இல்லாத ஒரு வாரத்தைப் பிடித்து, திங்கள் மதியம் வந்து வெள்ளி காலை கிளம்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபம் சும்மா கிடப்பதுதான் என்பதால் வாடகையையும் பேசிக் குறைக்கலாம். மார்கழிக் கடைசியிலேயே வரலாமா என்றால், மழை முழுதாக ஓய்ந்திருக்கும் என்று நம்ப முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாக் கடற்கரைக்குக் கேரவன் எடுத்து வரவே வேண்டாம். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம்தான் கரையேறியது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். முதலில் தரை. டெல்டாவின் களிமண் மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், ஒரு சாண் கீழே களியாக இருக்கும். ஒரு கடப்பாரையை நிறுத்தி இரண்டு கையாலும் அழுத்துங்கள். குத்தாமல், வெறும் அழுத்தத்திலேயே ஒரு சாண் இறங்கினால் அந்த இடத்தில் மூன்றரை டன் வண்டியை நிறுத்தாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பின்சக்கரம் புதையும். அறுவடை முடிந்த வயல் பார்க்க மைதானம் போலவே இருக்கும், அங்கே நிறுத்தலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீர் விடும் பருவமே ஜூன் 12-இல் தொடங்கி ஜனவரி 28 வரை போகிறது. தை மாத வயலுக்குள் ஈரம் அப்படியேதான் இருக்கும். தரை நன்றாக இருந்தாலும் வண்டிக்கு நாலு பலகை வீதம் கொண்டு வாருங்கள்: இரண்டு அங்குலக் கனம், ஒரு அடி அகலம், மூன்றடி நீளம். வண்டியை மட்டப்படுத்தவும் ஆகும், புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் போடவும் ஆகும்.

அடுத்தது மின்சாரம். ஒரு டன் ஏசி ஓடும்போது 1 முதல் 1.2 கிலோவாட் இழுக்கும். 12 வண்டியிலும் ஒரே நேரத்தில் ஓடினால் 14 கிலோவாட் வரை போகும், கம்ப்ரஸர்கள் கிளம்பும் நொடியில் அதைவிடக் கூடும். மண்டபத்தில் மும்முனை இணைப்பு இருந்து, வண்டிகளை முனைக்கு நான்காகப் பிரித்துக் கொடுத்தால் தாங்கும். எல்லாரும் சமையல்கட்டுப் பக்கம் இருக்கிற ஒரே பிளக் வரிசையில் சொருகினால் முதல் ராத்திரியே ஃபியூஸ் போகும். என் யோசனை, ஏசியையே தவிர்த்துவிடுங்கள். தை மாத ராத்திரியில் டெல்டா குளிர்ந்துதான் கிடக்கும். தொந்தரவு கொசுதான், அதற்கு ஜன்னல் வலை போதும். ஃபேன், விளக்கு, பேட்டரி சார்ஜர், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து வண்டிக்கு 300 வாட் என்றால் 12 வண்டிக்கும் 3.6 கிலோவாட்தான்.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் பிளக், ஒவ்வொரு வரிசைக்கும் 30 மில்லிஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். வாடகை சவுண்ட் சர்வீஸ்காரர் கொண்டுவரும் சுருள் ஒயரைச் சுருளாகவே வைத்து ஓட்டினால் உள்ளே சூடேறி உறை உருகும். வேண்டிய நீளம் பத்தடியே ஆனாலும் முழுதும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். விடிகாலையில் பனி மழை மாதிரி இறங்கும், அதனால் ஜங்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது. செங்கல் மேல் ஏற்றிக் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியால் மூடி வைக்கலாம். மண்டபத்து எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் வண்டியைச் சொருக வேண்டும். எர்த் செத்துப்போயிருந்தால், ஒரு வண்டியில் கசிவு வந்து தகர உடம்பு முழுக்க மின்சாரம் ஏறும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிறவர் கதி என்ன ஆகும்?

தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திருவாரூருக்குக் கிழக்கே போகப் போக நிலத்தடி நீர் உப்பேறும். குளிக்க, பாத்திரம் கழுவ அது போதும், ஆனால் கேரவனின் தொட்டியில் ஊற்றினால் பம்பிலும் வாட்டர் ஹீட்டரிலும் உப்புப் படியும். வண்டித் தொட்டியைத் தஞ்சாவூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ என்பது நினைவிருக்கட்டும். குடிக்க ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 4 லிட்டர் வைத்தால் 35 பேருக்கு 140 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஏழு. கேன்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் காலையில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

கழிவுதான் எல்லாரும் பேசக் கூச்சப்படுகிற விஷயம், ஆனால் ஊரோடு மனஸ்தாபம் வருவது இதில்தான். 20 லிட்டர் பெட்டிக் கழிவறை நான்கு பேர் புழங்கினால் இரண்டு நாள்கூடத் தாங்காது. பகலில் மண்டபத்துக் கழிவறை, வண்டியில் உள்ளது ராத்திரி அவசரத்துக்கு மட்டும் என்று முதல் கூட்டத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். பெட்டியை மண்டபத்துக் கழிவறையில் ஊற்றி செப்டிக் டேங்குக்கு அனுப்ப மேலாளரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். நீல ரசாயனத்தில் ஃபார்மால்டிஹைடு உள்ள வகையைப் பயன்படுத்தாதீர்கள். செப்டிக் டேங்கில் கழிவை மட்க வைக்கிற நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். வாய்க்காலில் மட்டும் யாரும் ஊற்றக் கூடாது. பார்க்கச் சாக்கடை போலத் தெரிகிற வாய்க்காலும் கீழே யாரோ ஒருவருடைய வயலுக்குப் பாயும், கீழத்தெரு ஜனங்கள் அதில் குளிப்பார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தென்னை மூட்டுக்கு விடலாம்.

சமையல் வாயுவுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். நிமிர்த்தி பெல்ட் போட்டுக் கட்டி, ஓட்டும்போது வால்வை மூடியிருக்க வேண்டும். பொதுச் சாப்பாட்டுக்கு உள்ளூர்ச் சமையல்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்டால் 35 பேருக்கு ஒரு வேளைக்கு நாலு முதல் ஐந்து கிலோ அரிசி போட்டு அவரே பார்த்துக்கொள்வார். மண்டபத்தில் அசைவம் சமைக்கலாமா என்று கேட்டுக்கொண்டு மீன் வாங்குங்கள். பல மண்டபங்களில் அனுமதி இல்லை.

இனி, வந்து சேர்கிற வழி. கோவையிலிருந்து கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாகத் திருவாரூர் சுமார் 330 கி.மீ. விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி வெளிச்சத்திலேயே வந்துவிட வேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் அரை மணி நேரம்கூட நிற்க வேண்டிவரும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 12 வண்டியும் ஒரே வரிசையாகப் போகக் கூடாது. பின்னால் வருகிற பஸ் முந்த வழியில்லாமல் தவித்து, கடைசியில் ஆபத்தான இடத்தில் முந்தும். நாலு நாலாகப் பிரித்து 15 நிமிட இடைவெளி விடுங்கள்.

தஞ்சாவூரைத் தாண்டியதும் கூகுள் மேப் காட்டுகிற குறுக்கு வழியை நம்பாதீர்கள். வெண்ணாறு, வெட்டாறு, ஓடம்போக்கியாறு என்று எங்கு பார்த்தாலும் ஆறு, அதன் கரைமேல் ஒரு தார்ச்சாலை. படத்தில் அது நாலு கி.மீ. மிச்சம் என்று காட்டும். நேரில் பார்த்தால் பத்தடி அகலம், ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், திருப்ப இடமே கிடையாது. தார் முடிகிற இடத்திலிருந்து அரை அடி பள்ளம், அதைப் புல் மூடியிருக்கும். எதிரே டிராக்டர் வருகிறது என்று இடது சக்கரத்தைப் புல்லில் இறக்கினால் களிமண் சரிந்து வண்டி சாய்கிறது. மேலே ஏசியும் சோலார் தகடும் உள்ள உயரமான வண்டி சாய்ந்தால் நிற்காது. அதனால் ஒரே விதி: கேரவன் தாரை விட்டு இறங்காது. எதிரே வண்டி வந்தால் நின்றுவிடுங்கள், அவர் ஒதுங்கிப் போவார். இடமில்லையென்றால் ஆள் இறங்கிப் பின்னால் பார்த்துச் சொல்ல, அகலமான இடம் வரை ரிவர்ஸ் எடுங்கள். சக்கரம் இறங்கியே விட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், மிதிக்க மிதிக்க வண்டி ஆற்றுப் பக்கமே வழுக்கும். எல்லாரையும் மேட்டுப்பக்கக் கதவு வழியாக இறக்கிவிட்டு டிராக்டரோ ஜேசிபியோ கூப்பிடுங்கள். இழுக்கும் பெல்ட்டை சேஸிஸில் உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பம்பரில் மாட்டினால் பம்பர் மட்டும் தனியாக வரும், பெல்ட் தெறித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு உயிராபத்து.

தை மாதத்துச் சாலைகளுக்குத் தனிக் குணம் உண்டு. சம்பா அறுவடை நேரம். சாலையில் நெல்லும் வைக்கோலும் காயும். வைக்கோல் மேல் வேகமாகப் போய் பிரேக் அடித்தால் வண்டி வழுக்கும், நிறுத்தினால் சூடான சைலன்சரில் வைக்கோல் சிக்கிப் புகையும். கொள்முதல் நிலையங்கள் பக்கம் லாரிகள் வரிசையில் நிற்கும். அறுவடை இயந்திரங்கள் பின்விளக்கே இல்லாமல் ராத்திரியில் ஊர் மாறும். காலையில் 8 மணி வரை மூடுபனியும் உண்டு. ராத்திரி ஓட்டமே வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். கேரவனின் உயரத்தை, கூரை ஏசியையும் சேர்த்து அளந்து ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப்பாதை, கோயில் வளைவு, தாழ்ந்து தொங்கும் ஒயர் முன்னால் நின்றுகொண்டு யோசிக்க நேரம் இருக்காது.

கடற்கரைப் பயணங்களுக்கு 18 பேர் உட்காரும் வாடகை வேன் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கேரவனைத் தினமும் கட்டிப் பிரிக்க முக்கால் மணி நேரம் வீணாகும், தரங்கம்பாடித் தெருவில் 12 கேரவனை நிறுத்தவும் முடியாது. வாடகை வேன் காரைக்காலுக்குள் நுழைந்தால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். பர்மிட்டும் வரியும் கட்டியாயிற்றா என்று உரிமையாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். டீசல் அங்கே விலை குறைவு, டிரைவர் கேட்டால் நிரப்பிக்கொள்ளட்டும். மதுபானம் வாங்கித் தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுவந்தால் வழக்கு, வண்டியும் பறிபோகும். ஒருவர் பையில் ஒரு பாட்டில் இருந்தாலும் சோதனைச் சாவடியில் நிற்பது மொத்தக் கூட்டமும்தான்.

செவ்வாய்க்கிழமை சின்னப் பயணம்: நாகப்பட்டினம், நாகூர், வேளாங்கண்ணி. எல்லாம் சேர்ந்து போய்வர நூறு கி.மீ.க்குள் அடங்கும். வியாழன் மாலை நாகூரிலும் ஞாயிறு வேளாங்கண்ணியிலும் கூட்டம் அதிகம், செவ்வாயில் நிதானமாகப் பார்க்கலாம். நாகூர் தர்காவின் ஐந்து மனாராக் கோபுரங்களில் பெரியது 131 அடி. கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். தலையை மூட ஆளுக்கொரு துணி வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை வடக்குச் சுற்று. மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார், அங்கிருந்து திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், திருவாரூர். சுமார் 150 கி.மீ. கோயில்கள் பெரும்பாலும் 12 மணிக்கு நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கும். நாளைத் திட்டமிடும்போது இந்த நாலு மணி நேரத்தை மறந்துவிடுவதால்தான் பலருடைய பயணம் பாழாகிறது. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பி 9 மணிக்குப் பூம்புகார், சிலப்பதிகாரக் கலைக்கூடம், காவிரி கடலில் சேரும் இடம். குடகிலிருந்து கிளம்பிய ஆறு இங்கே ஒரு வாய்க்கால் அகலத்துக்குச் சுருங்கி வந்து சேர்வதைப் பார்க்கும்போது, வழியில் பார்த்த வயல்களெல்லாம் எந்தத் தண்ணீர் என்று புரியும். 11 மணிக்குத் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணக் கூட்டம் என்றைக்கும் இருக்கும், அதனால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மத்தியானம் தரங்கம்பாடி.

தரங்கம்பாடிக்கு நேரம் தாராளமாகக் கொடுங்கள், இந்தக் கரையில் அதற்கு இணையான ஊர் இல்லை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1845-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய ஊர், 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் தேவாலயம், கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில், எல்லாம் நடக்கும் தூரத்தில். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புதன் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றுக் கூட்டத்தில் காரைக்காலைத் தாண்டவே முடியாது.

எந்தக் கடற்கரையிலும் முட்டிக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஆற்று முகத்துவாரத்தின் பக்கமும், கல் கொட்டிய தூண்டில் வளைவின் ஓரமும் நீரோட்டம் உள்ளே இழுக்கும். மேலே அலை சாதுவாகத் தெரிகிற இடத்தில்தான் ஆள் போகிறார். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தால் எண் எதுவானாலும் அன்றைக்குக் கடற்கரை கிடையாது, கோயில்களோடு முடித்துக்கொள்ளுங்கள்.

வியாழன் தெற்கே. முதலில் நேராகக் கோடியக்கரை, திரும்பும்போது வேதாரண்யம். கோடியக்கரை 1967-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம்; வெளிமான்கள் காலை பத்து மணி வரைதான் புல்வெளியில் நன்றாகத் தெரியும், வெயில் ஏறினால் புதருக்குள் ஒதுங்கிவிடும். வனத்துறைச் சாவடியில் கட்டணம் கட்டி, உள்ளே வேகத்தைக் குறைத்து, ஹாரன் இல்லாமல் போக வேண்டும். பூநாரைகள் எங்கே நிற்கும் என்பதைச் சதுப்பில் உள்ள நீர்மட்டம்தான் முடிவு செய்யும், வனக்காவலரிடம் கேட்டுப் போங்கள்; மழைக்குப் பின் அந்த மண்பாதையில் வேன் இறங்காது. பைனாகுலர் இல்லாவிட்டால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரியும். சாப்பாட்டுப் பொட்டலத்தை வண்டிக்கு வெளியே பிரித்தால் குரங்குகள் விடாது. 11 மணிக்குக் கிளம்பினால் நடை சாத்துவதற்குள் வேதாரண்யம் கோயில். திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்ற சொலவடையின் இரண்டு பாதியையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். பிறகு அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தலைமையில் உப்பெடுத்த இடத்தில் நினைவுத் தூண் இருக்கிறது, சுற்றிலும் உப்பளங்கள்.

கூட்டத்தில் இளையவர்கள் அதிகம் என்றால் கோடியக்கரைக்குப் பதில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை வைக்கலாம். வனத்துறை அனுமதி முன்பே வாங்கி, காலையிலேயே படகு ஏறிவிட வேண்டும். மத்தியானக் காற்று கிளம்பினால் காயலில் படகு ஆடும், நீர் வற்றினால் சேற்றில் தட்டும். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று இல்லாத படகில் ஏறவும் வேண்டாம்.

உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு வண்டி எண்கள், ஆட்கள், தேதி எழுதி ஒரு கடிதம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல் 1093.

வெள்ளி காலை கிளம்பும்போது முதலில் கழிவுப் பெட்டி, பிறகு ஒயர், கடைசியில் பலகை என்ற வரிசையில் பிரியுங்கள். தொட்டித் தண்ணீரைக் கால்வாசியாகக் குறைத்துவிட்டால் டீசல் மிச்சம். கேரவன்கள் கடலோரம் நிற்காததால் உப்புக்காற்றின் பாதிப்பு குறைவுதான். இருந்தாலும் தஞ்சாவூரில் ஒரு வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடித்துவிடுங்கள். ஏழரைக்கு முதல் நாலு வண்டி கிளம்பினால் பத்து மணிக்குள் தஞ்சாவூர். வண்டிகளைப் புறவழிச்சாலைப் பக்கம் நிறுத்திவிட்டு ஆட்டோவில் போனால், நடை சாத்துமுன் பெரிய கோயிலையும் பார்த்துவிட்டுக் கோவை திரும்பலாம்.